கிரவுன், பிரிட்ஜ் வேலையில் டென்டல் அசிஸ்டென்ட்: ஷேட் பார்ப்பதில் தொடங்கி சிமென்ட் துடைப்பது வரை

கிரவுன் கேஸ் (செதுக்கிய பல்லின் மேல் கேப் மாட்டும் வேலை) என்றாலே புதிதாகச் சேர்ந்த அசிஸ்டென்ட்களுக்கு ஒரு பதற்றம் வரும். ஃபில்லிங்கில் தப்பு நடந்தால் அங்கேயே திருத்திவிடலாம். கிரவுனில் அது நடக்காது. இன்றைக்கு அளவெடுக்கும்போது மார்ஜினில் (கேப்பின் விளிம்பு பல்லில் முடியும் கோட்டில்) விழுந்த ஒரு சின்னக் குமிழி, லேபிலிருந்து கேப் வந்து பல்லில் உட்கார மாட்டேன் என்று அடம்பிடிக்கும் அன்றைக்குத்தான் வெளியே தெரியும். அதற்குள் நோயாளி இரண்டு முறை லீவு போட்டு வந்திருப்பார்.

பல்லைச் செதுக்குவது, மரத்துப்போகும் ஊசி போடுவது, கேப் சரியாக உட்கார்ந்ததா என்று முடிவு சொல்வது எல்லாம் டாக்டர் வேலை. நம் கையில் இருப்பவை இரண்டு: ஈரம், நேரம். எச்சிலும் ரத்தமும் வரக்கூடாத இடத்துக்கு வராமல் பார்ப்பது ஒன்று, நிமிடக் கணக்கில் இறுகிப்போகும் பொருள்களைச் சரியான நொடியில் டாக்டர் கையில் கொடுப்பது இன்னொன்று. கீழே சொல்லப்போவதெல்லாம் சுற்றிச் சுற்றி இந்த இரண்டில்தான் வந்து நிற்கும். (ஈறை ஒதுக்கும் நூலான கார்டு வைப்பது, டெம்பரரி கேப் செய்வது போன்றவற்றை அசிஸ்டென்ட் செய்யலாமா என்பது ஊருக்கு ஊர் மாறும். உங்கள் ஊர்ச் சட்டமும் உங்கள் பயிற்சியும் அனுமதிப்பதை மட்டும் செய்யுங்கள்.)

நோயாளி வருவதற்கு முன்

முதலில் ஃபைலைத் திறங்கள். எக்ஸ்ரே இருக்கிறதா, வேர் சிகிச்சை செய்த பல் என்றால் அது முழுதாக முடிந்ததா, லேடெக்ஸ் அலர்ஜி உண்டா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறாரா என்று பாருங்கள். நிக்கல் ஒத்துக்கொள்ளாதவர் என்றால் டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், சில உலோகக் கேப்களில் நிக்கல் இருக்கும். இதய நோய் இருப்பவர் என்றால் எபிநெப்ரின் ஊறிய கார்டை ட்ரேயில் எடுத்தே வைக்காதீர்கள். கண்ணில் பட்டால் கை தானாக அதைத்தான் எடுக்கும்.

ட்ரேயைப் பயன்படுத்தும் வரிசையிலேயே அடுக்குங்கள். கண்ணாடி, புரோப், ட்வீசர், ஊசி, பல்லைச் செதுக்கும் டைமண்ட் பர்கள், கார்டும் அதை உள்ளே தள்ளும் கருவியும், அளவெடுக்கும் பொருள், பைட் (மேல், கீழ்ப் பற்கள் சேர்ந்து கடிக்கும் பதிவு) எடுக்கும் பொருள், டெம்பரரிக்கான பொருள், தற்காலிக சிமென்ட், கடைசியாக, கடி படும் இடத்தில் நிறம் விடும் ஆர்ட்டிகுலேட்டிங் பேப்பர். இம்ப்ரெஷன் ட்ரேயை வாயில் வைத்துப் பார்த்து அளவு தேர்ந்தெடுப்பதை, புட்டி (அளவெடுக்கும் மாவு போன்ற பொருள்) பிசைந்த பிறகு செய்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வேடிக்கை நம் நாற்காலியில் வேண்டாம். எக்ஸ்பைரி தேதியையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

ஷேட் பார்ப்பது: எல்லாவற்றுக்கும் முன்னால்

வாய் கொஞ்ச நேரம் திறந்தே இருந்தால் பல் உலர்ந்து வெளுத்துவிடும். செதுக்கி முடித்த பிறகு பக்கத்துப் பல்லைப் பார்த்து ஷேட் (கேப்புக்கான நிறம்) எடுத்தால் ஒரு படி வெள்ளையாகத்தான் வரும், அப்புறம் பல் தன் பழைய நிறத்துக்குத் திரும்பியதும் கேப் மட்டும் தனியாகப் பளிச்சென்று நிற்கும். அதனால் ஊசி போடுவதற்கும் முன்பே இந்த வேலை. லிப்ஸ்டிக் இருந்தால் துடைக்கச் சொல்லுங்கள், கண்ணைப் பறிக்கிற நிறத்தில் உடை இருந்தால் மேலே சாம்பல் நிற ஏப்ரன் போடுங்கள், முடிந்தால் ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். ஷேட் டேபை (நிற மாதிரித் துண்டை) நனைத்துப் பல்லுக்குப் பக்கத்தில் வைத்து ஐந்தாறு நொடிதான் பார்க்க வேண்டும். அதற்கு மேல் முறைத்தால் கண் களைத்து எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். கண்ணை எடுத்து ஒரு சாம்பல் நிற அட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வாருங்கள்.

வீட்டா கிளாசிக்கல் கைடில் (நிற மாதிரித் தொகுப்பில்) மொத்தம் 16 ஷேட். ஏ வரிசை செம்பழுப்பு, பி வரிசை செம்மஞ்சள், சி சாம்பல், டி சிவப்பு கலந்த சாம்பல். முன்பல் என்றால் டேபைப் பல்லோடு சேர்த்து, டேபில் எழுதியிருக்கும் எண் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து லேபுக்கு அனுப்பிவிடுங்கள். ‘ஏ2’ என்று எழுதுவதை விட அது நிறையச் சொல்லும். நோயாளியின் கையில் கண்ணாடியைக் கொடுத்து அவர் சம்மதத்தையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

செதுக்குவதற்கு முன் எடுக்கும் அளவு

டெம்பரரி கேப்புக்கு அச்சாக, பல் முழுதாக இருக்கும்போதே ஒரு புட்டி அளவு எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். எதிர்வரிசைப் பற்களுக்குப் பெரும்பாலும் ஆல்ஜினேட் (தண்ணீரில் கலந்து அளவெடுக்கும் பொடி) போதும். ஆல்ஜினேட்டைச் சும்மா வைத்தால் காய்ந்து சுருங்கும், தண்ணீரில் போட்டு வைத்தால் உறிஞ்சி உப்பும். கழுவி, கிருமிநீக்கி அடித்து, ஈர டிஷ்யூவில் சுற்றி, ஜிப் கவரில் போட்டு, கூடிய சீக்கிரம் மாடலுக்கான ஸ்டோன் கலவையை ஊற்றிவிடுங்கள். கலக்கும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் சீக்கிரமே இறுகிவிடும், வாந்தி உணர்வு அதிகம் இருக்கிற நோயாளிக்கு இதை நமக்குச் சாதகமாகவே பயன்படுத்தலாம்.

சக்ஷன்: வெறும் எச்சில் இழுக்கிற வேலை இல்லை

டாக்டர் வலது கைக்காரர் என்றால் நாம் நோயாளியின் இடது பக்கம், அவர் தலையுச்சியை 12 என்று வைத்தால் கடிகாரக் கணக்கில் 2 முதல் 4 மணி இருக்கும் இடத்தில் உட்கார வேண்டும். நம் ஸ்டூல் டாக்டருடையதை விட 10 முதல் 15 செ.மீ. உயரமாக இருந்தால்தான் வாய்க்குள் நன்றாகத் தெரியும். வலது கையில் சக்ஷன், இடது கையில் காற்றும் தண்ணீரும் வரும் சிரிஞ்ச். கருவிகளை நோயாளியின் முகத்துக்கு மேலே நீட்டாமல் தாடைக்குக் கீழே, நெஞ்சுப் பக்கமாகக் கைமாற்றுங்கள்.

சக்ஷன் முனை முதலில் உள்ளே போகட்டும், ஏரோட்டர் (பர்ரைச் சுழற்றும் கருவி) பின்னால் வரட்டும். டாக்டர் பர்ரை வைத்த பிறகு நாம் இடம் தேடினால் இரண்டும் மோதும். முனையின் சாய்ந்த பக்கம் பல்லைப் பார்த்து, அதன் விளிம்பு பல்லின் கடிக்கும் பரப்புக்குச் சற்று மேலே நிற்கட்டும். ரொம்ப ஒட்டி வைத்தால் பல்லைக் குளிர்விக்க வரும் தண்ணீரையே இழுத்துவிடுவோம், அது பெரிய தப்பு. ஏரோட்டர் நிமிடத்துக்கு 3, 4 லட்சம் சுற்று சுற்றுகிறது, தண்ணீர் இல்லாவிட்டால் அந்தச் சூடு நேராக நரம்புக்குத்தான் போகும். 1965-ல் சாக், கோஹன் என்ற இருவர் குரங்குப் பற்களில் செய்த ஆய்வில், பல்லுக்குள் வெப்பம் 5.5 டிகிரி செல்சியஸ் ஏறினாலே ஏறக்குறைய 15 சதவீதப் பற்களில் உள்திசு பிழைக்கவில்லை. அதனால் ஸ்ப்ரே வருகிறதா என்பதில் எப்போதும் ஒரு கண் இருக்கட்டும். வரவில்லை என்றால் தயங்காமல் சொல்லுங்கள், எந்த டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

டாக்டர் கண்ணாடியில் பார்த்து மேல்பல்லைச் செதுக்கும்போது, அந்தக் கண்ணாடியின் மேல் மெல்லக் காற்றடித்துக்கொண்டே இருந்தால் அவர் நிறுத்தவே வேண்டியதில்லை. நாக்கையும் கன்னத்தையும் சக்ஷன் முனையாலேயே ஒதுக்குங்கள், அண்ணத்தின் பின்பகுதியை மட்டும் தொடாதீர்கள்.

கார்டு

கேப்பின் விளிம்பு ஈறுக்குப் பக்கத்திலோ கொஞ்சம் கீழேயோ வரும்போது, அந்த இடம் அளவில் தெளிவாக விழ ஈறை ஒதுக்க வேண்டும். அதற்குத்தான் இந்த நூல். 000, 00, 0, 1 என்று தடிமன் ஏறிக்கொண்டே போகும். பல்லைச் சுற்றி வரும் அளவுக்கு வெட்டி, அலுமினியம் குளோரைடு போன்ற ரத்தம் நிறுத்தும் திரவத்தில் நனைத்து, பஞ்சில் ஒற்றிக் கொடுங்கள். இரண்டு கார்டு வைக்கும் முறையில் மெல்லியது உள்ளேயே இருக்கும், மேலே உள்ள தடித்தது அளவெடுக்கும் நொடியில் வெளியே வரும்.

இங்கே நம் வேலை மூன்று. கார்டு உள்ளே போனதும் நேரம் பார்ப்பது. வெளியே எடுக்கும் முன் அதை லேசாக நனைத்து வைப்பது, ஏனென்றால் காய்ந்த கார்டை இழுத்தால் ஈறும் பிய்ந்து ரத்தம் வரும், அவ்வளவு நேரம் காத்திருந்ததும் வீண். மூன்றாவது, எண்ணிக்கை. எத்தனை உள்ளே போனது, எத்தனை வெளியே வந்தது என்று வாய்விட்டே எண்ணுங்கள். உள்ளே தங்கிப்போன ஒரு துண்டு நூல் போதும், ஈறு வீங்கி நோயாளி திரும்பி வருவதற்கு.

அளவெடுப்பது: இறுகுவதற்குள்

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்தது. புட்டி பிசைந்து கொடுத்தேன், டாக்டர் வாயில் வைத்தார், ஐந்து நிமிடம் ஆனது, எட்டு நிமிடம் ஆனது, வெளியே எடுத்தால் மேல்பரப்பு பிசுபிசு என்று ஒட்டுகிறது. பொருள் கெட்டுவிட்டது என்று நினைத்து புது டப்பா திறந்து மறுபடி பிசைந்தேன், மறுபடியும் அதே கதைதான். மூன்றாவது முறை டாக்டர் என் கையைப் பார்த்தார். லேடெக்ஸ் கையுறை. அதில் இருக்கும் கந்தகம், புட்டியில் உள்ள அடிஷன் சிலிக்கானை இறுகவிடாது. அந்த நோயாளி பாவம், ஒரு மணி நேரம் கூடுதலாக வாயைத் திறந்து வைத்திருந்தார். புட்டிக்கு வினைல் கையுறை போடுங்கள். லேடெக்ஸ் போட்ட கையால் தயாரித்த பல்லையோ கார்டையோ தொட்டாலும் இதே தொல்லை வரும். பல்லில் தங்கிவிட்ட, ரத்தம் நிறுத்தும் ஃபெரிக் சல்ஃபேட்டும், புதிதாக வைத்த கம்போசிட் ஃபில்லிங்கின் மேலிருக்கும் பிசுபிசுப்பும்கூட இறுகுவதைக் கெடுக்கும். அதனால் அளவுக்கு முன்னால் ஒருமுறை நன்றாகக் கழுவி உலர்த்திக் கொடுங்கள்.

ட்ரேயில் பசை தடவுவதாக இருந்தால் முன்பே தடவிக் காயவிட வேண்டும், ஈரப் பசையில் ஒன்றும் ஒட்டாது. புட்டியில் இரண்டு நிறமும் சம அளவு எடுத்து, கோடு தெரியாத வரை பிசையுங்கள். லைட் பாடி (மார்ஜினைச் சுற்றி விடும் இளகிய அளவுப் பொருள்) கார்ட்ரிட்ஜில் முனையை மாட்டுவதற்கு முன் கொஞ்சம் வெளியே தள்ளி, இரண்டு குழாயிலும் ஒன்றாக வருகிறதா என்று பாருங்கள். ஒன்றில் அடைப்பு இருந்தால் கலவை பாதி இறுகியும் இறுகாமலும் வரும். பிறகு நடப்பது சில நொடிக் கூத்து: டாக்டர் கார்டை எடுக்கிறார், நாம் காற்றடித்து உலர்த்துகிறோம், லைட் பாடி துப்பாக்கி அவர் கைக்குப் போகிறது, அவர் மார்ஜினைச் சுற்றி லைட் பாடி விடுகிறார், அதே நேரம் புட்டி ட்ரே நம் கையில் தயாராக இருக்கிறது. இது ஒத்திகை பார்க்காமல் வராது. காலி நாற்காலியில் ஒருநாள் டாக்டரோடு செய்து பாருங்கள்.

எவ்வளவு நேரம் வைக்க வேண்டும் என்பதை டப்பாவில் போட்டிருக்கும், அதைக் கடிகாரம் பார்த்துக் கடைப்பிடியுங்கள். வெளியே எடுத்ததும் வெளிச்சத்தில் பாருங்கள். மார்ஜின் கோடு பல்லைச் சுற்றி எங்கேயும் அறுபடாமல் வருகிறதா, குமிழி இருக்கிறதா, இழுபட்டிருக்கிறதா, புட்டியைத் துளைத்துக்கொண்டு ட்ரே தெரிகிறதா? சந்தேகம் இருந்தால் மறுபடி எடுக்கச் சொல்லி டாக்டரிடம் காட்டுவதுதான் நியாயம். “சரி, லேபில் பார்த்துக்கொள்வார்கள்” என்று அனுப்பிய எந்த அளவும் நல்ல கேப்பாகத் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

கழுவி, தயாரிப்பாளர் சொன்ன கிருமிநீக்கியில் சொன்ன நேரம் மட்டும் வையுங்கள். அளவெடுத்த பொருள் பாலிஈதர் என்றால் நீண்ட நேரம் ஊறவிடக் கூடாது, தண்ணீரை உறிஞ்சி உருமாறும்.

வாய்க்குள் படமெடுக்கும் ஸ்கேனர் இருந்தால் புட்டித் தொல்லை போகும், ஈரத் தொல்லை போகாது. கேமராவுக்குத் தெரியாத மார்ஜின் ஃபைலிலும் இருக்காது. எச்சில் பளபளக்கும் இடத்தில் உருவம் கோணலாக விழும். அதனால் சக்ஷனும் காற்றும் அதே கவனத்தோடு வேண்டும். நாக்கும் கன்னமும் படத்துக்குள் வராமல் ஒதுக்குவதும் நாம்தான்.

பைட் எடுக்கும் முன் நோயாளியை இரண்டு மூன்று முறை கடித்துக் காட்டச் சொல்லுங்கள். மரத்துப்போன வாயில் பலரும் தாடையை ஒரு பக்கம் தள்ளித்தான் கடிப்பார்கள். ஊசிக்கு முன்பே அவருடைய இயல்பான கடி எப்படி இருக்கிறது என்று பார்த்து வைத்திருந்தால் இது உடனே பிடிபடும்.

டெம்பரரி

முன்பு எடுத்து வைத்த அச்சுக்குள், டெம்பரரி செய்யும் பொருளான பிஸ்-ஆக்ரிலை நிரப்பும்போது முனையைப் பொருளுக்குள்ளேயே புதைத்து வைத்துக்கொண்டே தள்ளினால் குமிழி வராது. வாயில் வைத்ததும் ரப்பர் பதத்துக்காகக் காத்திருங்கள். அந்தப் பதத்தில் எடுத்துவிட வேண்டும். முழுதாக இறுகவிட்டால் பக்கத்துப் பற்களின் அடிவளைவுகளில் மாட்டிக்கொண்டு வரவே வராது, அதுவும் பிரிட்ஜ் (இல்லாத பல்லுக்காகப் பக்கத்துப் பற்களின் மேல் இணைத்து மாட்டும் கேப்கள்) என்றால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். விளிம்பைச் சீராக்கி மெருகேற்றுவதில் சோம்பல் வேண்டாம். சொரசொரப்பான டெம்பரரியால் ஈறு வீங்கினால், அடுத்த முறை கேப் ஒட்டும் அன்றைக்கு ரத்தத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

கடைசியில் ரெசின் சிமென்ட்டில் ஒட்டப்போகிறார்கள் என்றால் தற்காலிக சிமென்ட்டில் யூஜினால் இருக்கக் கூடாது, அது ரெசினை இறுகவிடாது. எந்த சிமென்ட் வரப்போகிறது என்று இன்றைக்கே கேட்டுக்கொள்ளுங்கள்.

நோயாளியிடம்: மரப்பு போகும் வரை சாப்பிட வேண்டாம், ஒட்டுகிற மிட்டாய் வேண்டாம், ஃபிளாஸ் செய்தால் மேலே இழுக்காமல் பக்கவாட்டில் உருவி எடுக்க வேண்டும், கழன்றால் அன்றைக்கே கூப்பிட வேண்டும். கேப் இல்லாமல் சில நாள் விட்டால் பக்கத்துப் பற்கள் நகர்ந்து, வரப்போகும் கிரவுன் உட்காராமல் போகும். இந்தக் காரணத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் கூப்பிடுவார்கள்.

லேப் ஸ்லிப்

பல் எண்ணை எழுதும்போது எந்த முறை என்றும் எழுதுங்கள். எஃப்டிஐ முறையில் 16 என்றால் மேல் வலது முதல் கடைவாய்ப் பல். யூனிவர்சல் முறையில் அதே 16 மேல் இடது ஞானப்பல். ஒரே எண், வாயின் இரண்டு எதிர்ப் பக்கம். பொருள், ஷேட், ஒளி ஊடுருவும் கேப் என்றால் செதுக்கிய பல்லின் நிறம், பிரிட்ஜ் என்றால் எவை தாங்கும் பற்கள், எது பான்டிக் (இல்லாத பல்லின் இடத்தில் வரும் பல்), பான்டிக் ஈறில் எப்படி உட்கார வேண்டும், திரும்ப வர வேண்டிய தேதி, இவ்வளவும் ஸ்லிப்பில் இருக்கட்டும். எதிர்வரிசை அளவும் பைட்டும் அதே கவரில் இருக்கிறதா என்று ஒட்டுவதற்கு முன் ஒரு பார்வை.

கேப் ஒட்டும் நாள்

கேப் லேபிலிருந்து வந்துவிட்டதா என்று நோயாளி வருவதற்கு முதல் நாளே பாருங்கள். பெயர், பல், ஷேட் சரிபார்த்து, மாடலில் உட்கார வைத்து விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள்.

டெம்பரரி கழன்றதும் பல்லில் ஒட்டியிருக்கும் பழைய சிமென்ட் முழுக்கப் போக வேண்டும், எண்ணெய் கலக்காத பியூமிஸ் நல்லது. கேப்பைப் போட்டுப் பார்க்கும்போது வாயின் பின்பகுதியில் ஒரு காஸ் துணியை விரித்து வையுங்கள். எச்சிலில் வழுக்கும் கேப் நாக்கில் விழுந்தால் அடுத்த நொடி எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது, மூச்சுக்குழாய்க்குப் போனால் அவசர சிகிச்சை. பக்கத்துப் பல்லோடு இறுக்கம் எப்படி என்று ஃபிளாஸால் பார்ப்பார்கள், பிறகு ஆர்ட்டிகுலேட்டிங் பேப்பர். ஈரப் பல்லில் அது நிறம் விடாது, ஒவ்வொரு முறையும் உலர்த்திக் கொடுங்கள். ஒட்டுவதற்கு முன் நோயாளி கண்ணாடியில் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும்.

சிமென்ட் கலப்பது நம் பொறுப்பு. கிளாஸ் அயனோமர் என்றால் பொடியும் திரவமும் அளவுப்படி, பளபளப்பு இருக்கும்போதே கேப்பின் உட்சுவரில் மெல்லிய பூச்சாக. நிரம்ப ஊற்றினால் கேப் கீழே இறங்காது. மினுமினுப்பு போய் மங்கிவிட்டால் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை. ரெசின் என்றால் கேப்பின் உள்பக்கத்தையும் தயாரிக்க வேண்டும். லித்தியம் டைசிலிகேட் செராமிக் கேப்புக்கு ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் 20 நொடி, அப்புறம் ரெசின் ஒட்ட உதவும் சைலேன். சிர்கோனியா கேப்புக்கு எம்டிபி என்ற பாஸ்பேட் சேர்மம் இருக்கும் பிரைமர். எச்சில் பட்ட சிர்கோனியாவை பாஸ்பாரிக் அமிலத்தால் சுத்தம் செய்யாதீர்கள், பிரைமர் பிடிக்க வேண்டிய இடத்தை அந்த பாஸ்பேட் பிடித்துக்கொள்ளும்.

பல்லைச் சுற்றிப் பஞ்சு வைத்து ஈரம் வராமல் காக்க வேண்டிய நேரம் இதுதான். கேப் உட்கார்ந்ததும் வழியும் சிமென்ட்டை உடனே துடைத்து இழுக்காமல், கிளாஸ் அயனோமர் என்றால் ரப்பர் பதம் வரும் வரை பொறுங்கள், ஒளியில் இறுகும் ரெசின் என்றால் இரண்டு மூன்று நொடி லைட் காட்டியதும் தோலாக உரிந்து வரும். பற்களுக்கு நடுவே முடிச்சுப் போட்ட ஃபிளாஸை உருவி எடுங்கள். ஈறுக்குள் தங்கிய சிமென்ட் துணுக்கு, மறந்துபோன கார்டு செய்யும் அதே வேலையைச் செய்யும்.

பிரிட்ஜ் என்றால் கூடுதலாக

இரண்டு மூன்று கேப்களுக்கும் ஒரே கலவையில் சிமென்ட் போக வேண்டும், எல்லாம் ஒரே நேரத்தில் உட்கார வேண்டும். அதனால் அதிகமாகக் கலக்க வேண்டும், வேகமாகவும் பூச வேண்டும். கண்ணாடிப் பலகையில் கலக்கும் சிமென்ட் என்றால் பலகையைக் குளிர வைத்தால் கொஞ்சம் நேரம் கிடைக்கும். பலகையில் நீர் முத்து இருக்கக் கூடாது. சிமென்ட் முழுதாக இறுகும் முன்பே பான்டிக்கின் அடியில் சூப்பர்ஃபிளாஸை (விறைப்பான முனை உள்ள ஃபிளாஸை) விட்டு இழுத்துவிடுங்கள். இறுகிய பிறகு அங்கே கருவி போகாது.

வீட்டிலும் அதே சூப்பர்ஃபிளாஸ்தான். இணைந்த பற்களுக்கு நடுவே மேலிருந்து நூல் இறங்காது, அடியில் பக்கவாட்டில்தான் நுழைக்க வேண்டும். வாயால் சொல்லி அனுப்பினால் யாரும் செய்வதில்லை. கண்ணாடியைக் கையில் கொடுத்து, நம் முன்னாலேயே ஒருமுறை அவரையே நுழைக்கச் சொல்லுங்கள். முதல் தடவை தடுமாறுவார், இரண்டாவது தடவை போய்விடும்.

பிறகு கருவிகள் ஆட்டோகிளேவுக்கு, ஹேண்ட்பீஸும் சேர்த்துத்தான். எந்த சிமென்ட், எந்த ஷேட், எந்தப் பொருள் என்று ஃபைலில் எழுதிவிடுங்கள். மறுநாள் ஒரு போன் போடுங்கள். “கடிக்கும்போது அந்தப் பல் மட்டும் முதலில் இடிக்கிறது” என்று சொன்னால், பழகிவிடும் என்று சமாதானம் சொல்லாமல், அந்தப் பக்கம் மெல்ல வேண்டாம் என்று சொல்லி அன்றைக்கோ மறுநாளோ ஒரு நேரம் கொடுங்கள். மரத்த வாயில் பார்த்த கடி அது. மரப்பு போன பிறகு ஒருமுறை பேப்பர் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் ஐந்து நிமிட வேலைதான்.